இழுப்பறைக்குள் போன முடிவுகள்

1980-களின் நடுவில், முற்றிய சூலகப் புற்றுநோயோடு வந்த ஒரு பெண்ணுக்கு மருத்துவர் இரண்டு விதமாகச் சிகிச்சை தரலாம். ஒரே ஒரு மருந்தைக் கொடுக்கலாம், அல்லது பல மருந்துகளைச் சேர்த்துக் கூட்டாகக் கொடுக்கலாம். கூட்டு மருந்து உடலை அதிகம் வாட்டும். வாந்தி, முடி உதிர்தல், இரத்த அணுக்கள் குறைந்து தொற்றுக்கு ஆளாதல் எல்லாம் சேர்ந்து வரும். அந்த வேதனைக்கு ஈடாக இன்னும் கொஞ்ச காலம் பிள்ளைகளோடு இருக்கலாம் என்றால் பல பெண்கள் சம்மதித்துவிடுவார்கள். ஆனால் உண்மையில் ஆயுள் கூடுமா? அதை மருத்துவர் மருத்துவ இதழ்களில் வெளியான ஆய்வுகளைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

1986-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் சைம்ஸ் என்ற மருத்துவர் இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டார். இரண்டு சிகிச்சைகளையும் ஒப்பிட்ட சோதனைகளை அவர் இரண்டு விதமாகத் திரட்டினார். முதல் தொகுப்பில் இதழ்களில் அச்சான சோதனைகள் இருந்தன. இரண்டாவது தொகுப்பில், முடிவு தெரிவதற்கு முன்பே ஒரு பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வுப் பதிவேட்டில் பெயர் பதிந்திருந்த சோதனைகள் இருந்தன. அவை பின்னால் அச்சானாலும் அச்சாகாவிட்டாலும் கணக்கில் சேர்ந்தன. அச்சானவற்றை மட்டும் கூட்டிப் பார்த்தபோது கூட்டு மருந்து ஆயுளைக் கூட்டுவது உறுதியாகத் தெரிந்தது. பதிவேட்டில் இருந்தவற்றைக் கூட்டியபோது அந்த உறுதி காணாமல் போயிற்று. மிஞ்சிய சிறு வேறுபாடு தற்செயலாகவே வந்திருக்கக்கூடிய அளவில்தான் இருந்தது.

கூட்டு மருந்து வீண் என்று சைம்ஸ் சொல்லவில்லை. நிரூபணமாகிவிட்டது என்று எல்லோரும் நம்பிய ஒன்று இன்னும் நிரூபணமாகவில்லை என்றுதான் சொன்னார். நோயாளிகளும் நோயும் மருந்துகளும் மாறவில்லை. எந்த முடிவுகள் கண்ணில் படுகின்றன என்பது மட்டுமே மாறியது. சாதகமான முடிவுகள் அச்சேறுவதும் மற்றவை மேசை இழுப்பறைக்குள் போவதும் வழக்கமாகிவிட்டால், இதழ்களை மட்டும் படிக்கும் மருத்துவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் தவறான முடிவுக்கே வருவார். இதற்குப் பெயர் வெளியீட்டுச் சார்பு.

நான் மருத்துவர் அல்ல, கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவள். என் துறையில் வெளியீட்டுச் சார்பைக் கணக்குப் புத்தகத்தின் ஒரு அத்தியாயமாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் அதைப் பெண்களின் வரலாறாகவும் படிக்கிறேன். இதன் முக்கியமான திருப்பங்கள் பல, சூலகப் புற்றுநோய், பேறுகாலம், மாதவிடாய் நிறைவு என்று பெண்ணுடலின் மேல் நடந்தவை. மறைந்துபோன முடிவுகளை எண்ணிக் காட்டியவர்களிலும் பெண்கள் பலர். கே டிக்கர்சின், எலினா ஹெம்மின்கி, ஜினி ஹெதரிங்டன், சூ டூவல் ஆகிய பெயர்களை நம் மாணவிகள் அறிந்திருக்க வேண்டும்.

இழுப்பறையை மூடியது யார்?

சந்தேகம் பழையது. 1959-ல் தியோடர் ஸ்டெர்லிங் என்பவர் உளவியல் இதழ்களைப் புரட்டிப் பார்த்தார். புள்ளியியல் சோதனை செய்திருந்த 294 கட்டுரைகளில் 286 கட்டுரைகள் தங்கள் கருதுகோள் வென்றதாகச் சொல்லின. தோல்வியைச் சொன்னவை வெறும் எட்டு. எந்தத் துறையிலும் ஆய்வாளர்களின் ஊகம் இத்தனை முறை பலிக்காது. தோற்றவை எங்கோ போயிருக்க வேண்டும். 1979-ல் ராபர்ட் ரோசந்தால் இதற்கு ‘கோப்பு இழுப்பறைச் சிக்கல்’ என்று பெயர் வைத்தார்.

இழுப்பறை இருக்கிறது என்று ஊகிப்பது எளிது. அதைத் திறந்து பார்ப்பதற்கு ஒரு சாவி வேண்டும். ஃபின்லாந்தைச் சேர்ந்த எலினா ஹெம்மின்கி அந்தச் சாவியை அரசு அலுவலகத்தில் தேடினார். ஒரு மருந்தை விற்க உரிமம் கேட்கும் நிறுவனம், தான் நடத்திய சோதனைகளின் விவரத்தை உரிமம் தரும் அமைப்பிடம் கொடுத்தாக வேண்டும். ஃபின்லாந்திலும் ஸ்வீடனிலும் மனநல மருந்துகளுக்காகக் கொடுக்கப்பட்ட அத்தகைய ஆவணங்களை அவர் படித்து, அந்தச் சோதனைகளில் எவை இதழ்களில் வந்தன, எவை வரவில்லை என்று ஒப்பிட்டார். 1980-ல் வெளியான அவருடைய கட்டுரை சொன்னது இது: பல சோதனைகள் அச்சாகவே இல்லை, பக்கவிளைவு பற்றிப் பேசிய சோதனைகள் அச்சாவது இன்னும் குறைவு. அரசின் அலமாரிக்குத் தெரிந்த ஆபத்து, மருந்து எழுதிக் கொடுக்கும் மருத்துவருக்கும் அதை விழுங்கும் நோயாளிக்கும் தெரியாமலே இருந்தது.

அமெரிக்காவில் கே டிக்கர்சின் நேராக ஆய்வாளர்களையே கேட்டார். சோதனைகள் நடத்திக் கட்டுரை எழுதியிருந்த 318 பேருக்குக் கடிதம் எழுதி, நீங்கள் நடத்தி முடித்தும் வெளியிடாத சோதனை ஏதாவது உண்டா என்று விசாரித்தார். 1987-ல் வந்த அவருடைய கட்டுரையின் கணக்குப்படி, அச்சான சோதனைகளில் 55 விழுக்காடு புதிய சிகிச்சைக்குச் சாதகமாக இருந்தன. அச்சாகாதவற்றில் 14 விழுக்காடுதான் சாதகம்.

அடுத்த கேள்வி, இதற்கு யார் பொறுப்பு என்பது. இதழாசிரியர்கள்தான் தோல்விகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் என்று பெரும்பாலோர் நினைத்தார்கள். டிக்கர்சினும் அவருடைய குழுவினரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் இரண்டு நெறிமுறைக் குழுக்கள் ஒப்புதல் தந்திருந்த 737 ஆய்வுகளை எடுத்து ஒவ்வொன்றின் கதியையும் விசாரித்தார்கள். 1992-ல் முடிவு வந்தது. அச்சாகாத 124 ஆய்வுகளில் இதழ்கள் நிராகரித்தவை ஆறு மட்டுமே. மற்றவற்றில் அநேகமாக எல்லாமே எந்த இதழுக்கும் அனுப்பப்படவே இல்லை. கதவைச் சாத்தியவர்கள் ஆய்வாளர்களே.

இந்த ஆறு என்ற எண்ணை வகுப்பில் சொல்லும்போது நான் சற்று நிறுத்துவேன். பெரும் சதி எதுவும் இல்லாமலே உண்மை மறைந்துபோகலாம் என்பதை அது காட்டுகிறது. ‘சுவாரசியமாக ஒன்றும் வரவில்லை’ என்று ஒருவர் நினைக்கிறார். இன்னொருவர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். மற்றொருவருக்குச் செலவுக்குப் பணம் தந்தவரைச் சங்கடப்படுத்த மனமில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் மொத்தத்தில் ஒரு பொய் உருவாகிவிடுகிறது. வீட்டிலும் வெளியிலும் ‘இதையெல்லாம் போய்ச் சொல்வார்களா’ என்று விழுங்கப்பட்ட பெண்களின் அனுபவங்களால் ஊர்வரலாறு எப்படி ஒருபக்கமாக ஆயிற்று என்பது நமக்குத் தெரியும். இங்கும் நடப்பது அதுவே.

ஒரு முடிவு சுவாரசியமானதா என்பது யார் இடத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ‘இந்த மருந்தால் பயனில்லை’ என்ற முடிவு ஆய்வாளரின் பதவி உயர்வுக்கு உதவாமல் போகலாம். அதே மருந்தை மாதக்கணக்கில் ஏற்றிக்கொண்டு வாந்தியெடுக்கவிருக்கும் பெண்ணுக்கு அதைவிட முக்கியமான செய்தி வேறில்லை.

டிக்கர்சினுக்கு இது ஏட்டறிவு மட்டுமல்ல. அவரும் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோயாளிகள் உருவாக்கிய தேசியக் கூட்டமைப்பில் தொடக்கத்திலிருந்தே இருந்தவர். அந்த அமைப்பு 1990-களில், நோயிலிருந்து மீண்ட பெண்களுக்கு ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கவும் கேள்வி கேட்கவும் கற்றுத் தரும் ‘புராஜெக்ட் லீட்’ என்ற பயிற்சியைத் தொடங்கியபோது, அதை வடிவமைத்தவர்களில் அவர் முக்கியமானவர்.

42,000 கடிதங்கள்

பேறுகால மருத்துவத்துக்கு 1979-ல் ஒரு அவமானம் நேர்ந்தது. மருத்துவம் சான்றுகளின் மேல் நிற்க வேண்டும் என்று வலியுறுத்திய பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சி காக்ரன், எல்லாத் துறைகளிலும் மிகக் குறைந்த அறிவியல் அடிப்படை கொண்டது மகப்பேறுதான் என்று சொல்லி, கடைசியாக வருபவருக்குக் கேலியாகத் தரும் ‘மரக்கரண்டி’ப் பரிசை அதற்கு அளித்தார். பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கு வழக்கமாகச் செய்துவந்த பல காரியங்களுக்குச் சான்று இருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்கவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் இயான் சால்மர்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் அந்தச் சான்றுகளைத் திரட்டத் தொடங்கினார்கள். அச்சான சோதனைகளை நூலகங்களில் தேடினார்கள். அச்சாகாதவற்றுக்கு என்ன செய்வது? ஜினி ஹெதரிங்டன், டிக்கர்சின், சால்மர்ஸ் ஆகியோர் அடங்கிய குழு 18 நாடுகளில் சுமார் 42,000 மகப்பேறு மருத்துவர்களுக்கும் குழந்தை மருத்துவர்களுக்கும் கடிதம் அனுப்பி, வெளியாகாத சோதனைகளைப் பற்றித் தகவல் கேட்டது.

1989-ல் அந்த முயற்சியின் விளைவு வெளியாயிற்று. 395 வெளியாகாத சோதனைகளின் தகவல் கிடைத்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அப்போது நடந்துகொண்டிருந்தவை, தொடங்கவிருந்தவை, அல்லது சமீபத்தில் முடிந்தவை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முன்பே முடிந்து, வெளிவராமல் கிடந்தவை என்று ஒப்புக்கொள்ளப்பட்டவை வெறும் 18.

இத்தனை கடிதங்களுக்கு இவ்வளவு குறைந்த பலனா என்று தோன்றலாம். ஆனால் இந்தத் தோல்வியையும் அவர்கள் இழுப்பறைக்குள் போடவில்லை, வெளியிட்டார்கள். அதிலிருந்து ஒரு பாடம் கிடைத்தது. முடிந்துபோன சோதனையைப் பின்னால் தேடிக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆய்வாளர் மறந்திருப்பார், காகிதங்கள் தொலைந்திருக்கும், சொல்ல விருப்பமும் இருக்காது. ஆனால் நடக்கிற சோதனையையும் நடக்கப்போகிற சோதனையையும் பற்றி எல்லோரும் தாராளமாகச் சொல்கிறார்கள். முடிவு இன்னும் தெரியாத நேரத்தில் மறைக்க எதுவும் இருப்பதில்லை. ஆகவே, முதல் நோயாளி சேர்வதற்கு முன்பே ஒவ்வொரு சோதனையையும் பொதுவில் பதிந்துவிட வேண்டும். சைம்ஸும் 1986-ல் இதையேதான் கேட்டிருந்தார்.

பேறுகாலச் சோதனைகளைத் திரட்டிய அந்த உழைப்பிலிருந்துதான் 1993-ல் காக்ரன் கூட்டமைப்பு பிறந்தது. இன்று உலகெங்கும் எல்லா நோய்களுக்கும் சான்றுகளைத் திரட்டும் அந்த அமைப்பின் வேர் பிரசவ அறையில் இருக்கிறது.

வராத தாளை எண்ணுவது

ஒருமுறை வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, “மேம், வெளியவே வராத பேப்பர எப்படி மேம் எண்றது?” என்று கேட்டாள். நான் கரும்பலகையில் ஒரு படம் வரைந்தேன்.

ஒரே மருந்தைப் பற்றிய எல்லா ஆய்வுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மருந்து எவ்வளவு பலன் தந்ததாக ஆய்வு சொல்கிறதோ அதற்கேற்ப இடமோ வலமோ வையுங்கள். ஆய்வு எவ்வளவு பெரியதோ அவ்வளவு மேலே வையுங்கள். ஆயிரக்கணக்கானவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வுகள் உண்மைக்குப் பக்கத்திலேயே விழும்; அவை மேலே ஒன்றையொன்று நெருங்கி நிற்கும். முப்பது நாற்பது பேரை வைத்து நடந்த சிறிய ஆய்வுகளில் தற்செயலின் ஆட்டம் அதிகம். சில பலனைக் கூட்டிச் சொல்லும், சில குறைத்துச் சொல்லும். அவை கீழே இருபுறமும் சிதறிக் கிடக்கும். மொத்தத்தில் கவிழ்த்து வைத்த புனல் போல ஓர் உருவம் வரும். 1984-ல் ரிச்சர்ட் லைட், டேவிட் பில்லமர் ஆகியோரின் நூலில் இந்தப் புனல் வரைபடம் அறிமுகமானது.

இப்போது கீழே ஒரு பக்கம் மட்டும் காலியாக இருந்தால்? மருந்து பலன் தரவில்லை என்று சொல்ல வேண்டிய சிறிய ஆய்வுகள் அங்கே இருந்திருக்க வேண்டும். புள்ளிக் கோலத்தில் ஒரு மூலையில் புள்ளி விட்டுப்போயிருந்தால், போட்டவர் சொல்லாமலே நமக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா, அப்படித்தான். மாணவி உட்கார்ந்தாள், பின்வரிசையில் ஒருத்தி அந்தக் காலி இடத்தில் எத்தனை புள்ளி வரும் என்று நோட்டில் எண்ணத் தொடங்கியிருந்தாள்.

அவள் செய்ததைத்தான் சூ டூவல், ரிச்சர்ட் ட்வீடி என்ற இருவரும் 2000-ல் ஒரு முறையாக வகுத்தார்கள். ஒருபக்கம் துருத்தி நிற்கும் புள்ளிகளை வெட்டிவிட்டு, புனலின் நடுக்கோட்டைக் கண்டுபிடித்து, பிறகு வெட்டியவற்றை மீண்டும் வைத்து, எதிர்ப்பக்கத்தில் அவற்றின் பிம்பங்களையும் நிரப்பி, மருந்தின் பலனை மறுபடி கணக்கிடுவது அந்த முறை. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1997-ல், மத்தியாஸ் எக்கரும் அவருடைய குழுவினரும் புனலின் கோணலை வெறும் கண்ணால் பார்க்காமல் கணக்கால் அளக்கும் சோதனையைத் தந்திருந்தார்கள்.

இவற்றின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். புனல் கோணலாக இருப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. சிறிய ஆய்வுகள் நோய் முற்றியவர்களை வைத்து நடந்திருக்கலாம். தரம் குறைந்தவையாக இருக்கலாம். ஆய்வுகள் பத்துக்கும் குறைவாக இருந்தால் கோணலா இல்லையா என்றே சொல்ல முடியாது. நிரப்பிய புள்ளிகள் நம் ஊகங்கள்தான். அந்தப் புள்ளிகளுக்குள் இருந்த நோயாளிகளை எந்தக் கணக்கும் திரும்பக் கொண்டுவராது. புனல் ஐயத்தைக் கிளப்பும். ஐயத்தைத் தீர்க்க ஹெம்மின்கி செய்தது போல ஆவணங்களுக்குத்தான் போக வேண்டும்.

2008-ல் எரிக் டர்னரும் அவருடைய குழுவினரும் அப்படிப் போனார்கள். மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களை ஏறக்குறைய இரண்டு மடங்கு தாக்குகிறது. அதற்கான மருந்துகளை அதிகம் உட்கொள்பவர்களும் பெண்களே. 12 மனச்சோர்வு மருந்துகளுக்காக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திடம் பதிவான 74 சோதனைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். நிர்வாகம் சாதகமென்று கருதிய 38 சோதனைகளில் 37 அச்சாகியிருந்தன. மற்ற 36 சோதனைகளில் 22 அச்சாகவே இல்லை. 11 சோதனைகள் சாதகமானவை போன்ற தொனியில் அச்சாகியிருந்தன. உள்ளதை உள்ளபடி சொன்னவை மூன்றே மூன்று. இதழ்களைப் படித்தவருக்கு 94 விழுக்காடு சோதனைகள் வென்றதாகத் தெரிந்தது. உண்மையில் வென்றவை 51 விழுக்காடு. மருந்துகள் பயனற்றவை என்று இதற்குப் பொருள் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதும் அவற்றுக்குப் பலன் இருந்தது. ஆனால் இதழ்கள் காட்டிய அளவுக்கு இல்லை.

என்றும் பெண்ணாக இருக்க ஒரு மாத்திரை

பெண்களுக்குக் காட்டப்பட்ட சான்றுகளில் மிக நீண்ட காலம் ஒருபக்கமாகவே இருந்தது மாதவிடாய் நிறைவு பற்றியது என்று நான் நினைக்கிறேன். கருவுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரையான பிரிமாரின் 1942-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர் ‘ஃபெமினைன் ஃபாரெவர்’ என்ற நூலில் மாதவிடாய் நிறைவை ஒரு குறைபாட்டு நோயாகவும், ஹார்மோனை அதற்கான மருந்தாகவும் சித்திரித்தார். நூலை எழுதிய செலவை பிரிமாரினைத் தயாரித்த வைத் நிறுவனம் ஏற்றது என்று அவருடைய மகனே பின்னால் சொன்னார்.

ஹார்மோன் எடுத்த பெண்களுக்கு இதய நோய் குறைவு என்று கண்காணிப்பு ஆய்வுகள் சில சொல்லிவந்தன. ஆனால் ஹார்மோனை எடுத்தவர்கள் பெரும்பாலும் வசதியும் படிப்பும் உடல்நலமும் கூடியவர்கள். மாத்திரையால் இதயம் நன்றாக இருந்ததா, வசதியால் இருந்ததா என்பதைக் குலுக்கல் முறையில் பெண்களை இரு பிரிவாக்கி நடத்தும் சோதனையால்தான் பிரித்தறிய முடியும். 1990-ல் இதயப் பாதுகாப்பு என்று சொல்லி விற்க வைத் நிறுவனம் அனுமதி கேட்டபோது, ‘நேஷனல் விமன்ஸ் ஹெல்த் நெட்வொர்க்’ என்ற பெண்கள் அமைப்பு, முதலில் அந்தச் சோதனையை நடத்துங்கள் என்று வாதாடியது. அனுமதி கிடைக்கவில்லை. ஆனாலும் மருத்துவர்கள் இதயத்துக்கு நல்லது என்று சொல்லி எழுதிக் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஹெம்மின்கி மீண்டும் வருவது இங்கேதான். அவரும் பிரிட்டனின் கிளிம் மெக்பெர்சனும் ஒரு வழியைக் கண்டார்கள். இதயத்தைப் பற்றிய பெரிய சோதனை இல்லாவிட்டாலும், எலும்பு, இரத்தக் கொழுப்பு போன்ற வேறு காரணங்களுக்காக ஹார்மோனை வைத்து நடத்திய சிறிய குலுக்கல் சோதனைகள் இருந்தன. அவற்றில் ஒரு பெண்ணுக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால், அது கட்டுரையின் முடிவாக இருக்காது. ‘இடையில் விலகியவர்கள்’ என்ற சிறு குறிப்புக்குள் ஒளிந்திருக்கும். பல கட்டுரைகளில் அந்தக் குறிப்புகூட இருக்காது. இருவரும் 22 சோதனைகளில் பங்கேற்ற 4,124 பெண்களைப் பற்றிய அத்தகைய குறிப்புகளைப் பொறுக்கிக் கூட்டினார்கள். 1997-ல் வெளியான அவர்களுடைய முடிவு, ஹார்மோன் இதய நோயைத் தடுக்கிறது என்ற நம்பிக்கைக்கு இந்தத் தரவுகளில் ஆதாரம் இல்லை என்றது. எண்ணிக்கை சிறியதாக இருந்ததால் தீங்கு என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஆண்டு, ஏற்கெனவே இதய நோய் இருந்த 2,763 பெண்களிடம் நடந்த ஹெர்ஸ் சோதனை ஹார்மோனால் பாதுகாப்பு இல்லை என்றது. 2002 ஜூலையில், 16,608 பெண்கள் பங்கேற்ற ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து எடுத்த 10,000 பெண்களில் ஓராண்டுக்கு இதய நோய் 7 பேருக்கும், பக்கவாதம் 8 பேருக்கும், மார்பகப் புற்றுநோய் 8 பேருக்கும் கூடுதலாக வந்தது. இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது. ஒரு பெண்ணின் கணக்கில் இவை சிறிய எண்கள். மில்லியன் கணக்கான பெண்கள் ஆண்டுக்கணக்கில் விழுங்கிய மாத்திரைக்குச் சிறிய எண்கள் அல்ல. உடல் கொதிப்பும் தூக்கமின்மையும் தாங்க முடியாத பெண்ணுக்கு ஹார்மோன் இன்றும் பயனுள்ள மருந்துதான். அதைத் தேர்ந்தெடுப்பது அவள் உரிமை. இரண்டு பக்கத்தையும் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுப்பதும் அவள் உரிமை.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. பாதிக்கப்பட்ட பெண்கள் தொடுத்த வழக்குகளின் வழியே 2009-ல் வைத் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் பொதுவெளிக்கு வந்தன. நிறுவனத்தின் பணத்தில் ஒரு எழுத்து நிறுவனம் கட்டுரைகளைத் தயாரித்ததும், பேராசிரியர்களின் பெயரில் அவை மருத்துவ இதழ்களில் வெளியானதும் தெரிந்தது. ஏட்ரியன் ஃபியூ-பெர்மன் என்ற மருத்துவர் அந்த ஆவணங்களைப் படித்து 2010-ல் விரிவாக எழுதினார். ஒரு பக்கம் பாதகமான தகவல் குறிப்புகளுக்குள் புதைந்தது. மறுபக்கம் சாதகமான கட்டுரைகள் கூலிக்கு எழுதப்பட்டன.

பதிவேடு என்னும் வாக்குறுதி

சைம்ஸ் 1986-ல் கேட்ட பதிவேடு நடைமுறைக்கு வர இருபது ஆண்டுகள் ஆயின. மனச்சோர்வு மருந்து ஒன்றைக் குழந்தைகளிடம் சோதித்த முடிவுகளை மறைத்ததாக 2004-ல் நியூயார்க் மாநிலம் கிளாக்ஸோஸ்மித்க்ளைன் நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்த பிறகு காரியங்கள் வேகமெடுத்தன. அதே ஆண்டு, மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு, நோயாளிகளைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதியாத சோதனைகளை இனி வெளியிட மாட்டோம் என்று அறிவித்தது. மருத்துவ ஆய்வின் அறநெறிகளைச் சொல்லும் ஹெல்சின்கி அறிக்கையும் 2008-ல் இதை ஏற்றது.

இந்தியாவில் சி.டி.ஆர்.ஐ. எனப்படும் மருந்துச் சோதனைப் பதிவேடு 2007 ஜூலை 20 அன்று தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயமாயிற்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் காக்ரன் கூட்டமைப்பின் தெற்காசிய மையத்தை வழிநடத்திய பிரதாப் தர்யன் இந்தப் பதிவின் தேவையை வலியுறுத்தி எழுதியவர்களில் ஒருவர். பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். எந்தச் சோதனை, எத்தனை பேர், எந்தப் பலனை அளக்கப்போகிறார்கள் என்பதெல்லாம் முன்கூட்டியே அதில் இருக்கும். பின்னால் கட்டுரை வராவிட்டாலும், அளப்பதாகச் சொன்னதை விட்டுவிட்டு வேறொன்றைப் பற்றிப் பேசினாலும், யாரும் ஒப்பிட்டுக் கேட்கலாம்.

ஆனால் பதிவது வேறு, முடிவை வெளியிடுவது வேறு. பதிவேடு ஒரு வாக்குறுதிதான். அதை நிறைவேற்றச் சொல்லிக் கேட்க ஆட்கள் வேண்டும். பெண்களுக்கு இது கூடுதலாகத் தேவை. 1977-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம், கருவுறக்கூடிய வயதிலுள்ள பெண்களைத் தொடக்கநிலைச் சோதனைகளிலிருந்து விலக்கச் சொன்னது. 1993-ல் அது மாறும்வரை பல மருந்துகளின் முதல் பாடங்கள் ஆணுடலிலிருந்தே கற்கப்பட்டன. கருவுற்ற பெண்கள் இன்றும் பெரும்பாலான சோதனைகளுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். பெண்ணுடலைப் பற்றி இவ்வளவு குறைவாகவே சோதித்திருக்கும்போது, அதிலும் ஒரு பங்கு இழுப்பறைக்குள் போனால் மிஞ்சுவது என்ன?

சோதனையில் சேரும் பெண் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுகிறாள். தன் நோய் குணமாகும் என்ற நம்பிக்கை அவளுக்கு இருக்கலாம். குணமாகாவிட்டாலும், தன்னால் பிறகு வரும் பெண்களுக்கு ஏதாவது தெரியவரும் என்பது அந்தப் படிவம் அவளுக்குத் தரும் வாக்கு. முடிவை வெளியிடாத ஆய்வாளர் மீறுவது அந்த வாக்கைத்தான். அவளுடைய வாந்தியும் வலியும் காத்திருப்பும் யாருக்கும் பயன்படாமல் போகின்றன. அது மட்டுமா, பயனில்லை என்று தெரிந்த அதே சோதனையை இன்னொரு ஊரில் இன்னொரு பெண்ணிடம் மீண்டும் நடத்துவார்கள்.

ஆகவே என் மாணவிகளிடம் நான் சொல்வதை இங்கும் சொல்கிறேன். நீங்களோ உங்கள் அம்மாவோ அக்காவோ மருந்துச் சோதனை ஒன்றில் சேரும்படி நேர்ந்தால், கையெழுத்துக்கு முன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தச் சோதனையின் பதிவு எண் என்ன? முடிவு எதுவானாலும் வெளியிடுவீர்களா? எங்கே, எப்போது வெளியிடுவீர்கள்? பதிலைப் படிவத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். முடிவு வரவில்லை என்றால் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.